பூச்சி மாத்திரை போட்டாச்சு, அப்புறம்? பள்ளிப் பிள்ளைகளிடம் செவிலியர் என்ன பேச வேண்டும்

கிராமத்துச் செவிலி:

எல்லோருக்கும் வணக்கம். நான் கிராம சுகாதார செவிலியர். என் துணை சுகாதார நிலையத்துக்கு உட்பட்ட ஊர்களில் இருக்கிற தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி எல்லாவற்றுக்கும் நான்தான் போய் வருகிறேன். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று வருஷத்துக்கு இரண்டு முறை குடற்புழு நீக்க நாள் வருகிறது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு மாத்திரை, இரண்டு வயதுக்குக் கீழே என்றால் பாதி, அன்றைக்கு வராத பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள். எத்தனை வந்தது, எத்தனை கொடுத்தோம், எத்தனை மீதி என்று கணக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும், கொடுத்தும் விடுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் நான் என்ன பேசினேன், அவர்களுக்கு என்ன புரிந்தது என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. அதனால் பேச்சு என்பது வரிசையில் நிற்க வைத்து இரண்டு நிமிஷம் 'கை கழுவுங்கள், செருப்புப் போடுங்கள்' என்று சொல்வதோடு முடிந்துவிடுகிறது.

மாத்திரை இன்றைக்கு வயிற்றில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். நாளைக்கு மண்ணிலிருந்து ஏறப்போகும் புழுவை அது ஒன்றும் செய்யாது. நம் பக்கத்தில் அதிகம் இருப்பது கொக்கிப்புழு. அதன் முட்டை மலத்தோடு ஈரமான, நிழலான மண்ணில் விழுந்தால் ஓரிரு நாளில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் காலில் ஏறத் தயாராகிவிடும். வெறுங்காலோடு அந்த மண்ணில் நிற்கிற பிள்ளையின் தோலைத் துளைத்து உள்ளே போய், ரத்தம் வழியாக நுரையீரல், அங்கிருந்து தொண்டை, அப்புறம் விழுங்கி குடல். அங்கே போய்க் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஆகஸ்டில் மாத்திரை போட்ட பிள்ளை ஐப்பசி மழையில் கொல்லைக்கு வெறுங்காலோடு போனால் தைக்குள் மறுபடி புழு தயார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாத்திரை கொடுக்கச் சொல்வதே இந்த மறுதொற்றை நினைத்துத்தான்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பள்ளியிலும் மாதம் ஒரு பாடவேளையைச் செவிலியருக்கு ஒதுக்க வேண்டும். மாத்திரை நாளன்று வேண்டாம், அன்றைக்குப் பேச நேரமே இருக்காது. சாதாரண நாளில், வகுப்பறையில் பாதி நேரம், குழாயடியிலும் கழிப்பறையிலும் மீதி நேரம். உங்கள் பள்ளிகளில் யாராவது இப்படிச் செய்கிறீர்களா? எது பலித்தது, எது பலிக்கவில்லை, சொல்லுங்கள்.

ஆறாம் வகுப்பு டீச்சர்:

சிஸ்டர், நல்ல இழை. பாடப்புத்தகத்தில் இதெல்லாம் இல்லாமல் இல்லை, பிள்ளைகள் தேர்விலும் சரியாக எழுதிவிடுகிறார்கள். கை கழுவ வேண்டிய நேரங்கள் யாவை என்று கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். மதியம் சத்துணவு மணி அடித்ததும் பாருங்கள், தட்டை மட்டும் குழாயில் காட்டிவிட்டு ஓடுவார்கள். காரணம் சோம்பல் இல்லை. எங்கள் பள்ளியில் குழாய் மூன்று, அதில் ஒன்று வேலை செய்யாது. சோப்பு தலைமையாசிரியர் அறையில் பீரோவுக்குள் இருக்கும், வெளியே வைத்தால் காணாமல் போகிறதாம். நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் சோப்புப் போட்டுக் கை கழுவிச் சாப்பிட உட்கார வேண்டும் என்றால் அது எப்படி நடக்கும்?

செவிலியர் வந்து பேசுவது நல்லதுதான், ஆனால் குழாயும் சோப்பும் இல்லாமல் பேசினால் பிள்ளைகள் மனதில் ஒன்றுதான் பதியும்: பெரியவர்கள் சொல்வது வேறு, நடப்பது வேறு.

கிராமத்துச் செவிலி:

டீச்சர், நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் குழாயடியில் வைத்துப் பாடம் நடத்த வேண்டும் என்கிறேன். செவிலியர் குழாயடிக்குப் போய் நின்றால் அங்கே சோப்பு இல்லை என்பது தலைமையாசிரியருக்கும் தெரியும், செவிலியருக்கும் தெரியும், நாற்பது பிள்ளைகளுக்கும் தெரியும். அப்புறம் அது பீரோவில் இருக்க முடியாது. ஒரு பள்ளியில் பழைய நைலான் வலைப் பையில் சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டோம், அது திருடு போகவில்லை, தண்ணீரில் ஊறிக் கரையவும் இல்லை.

கை கழுவுவதற்கு நான் செய்வது இது. கொஞ்சம் தேங்காய் எண்ணெயில் மஞ்சள் தூளைக் குழைத்து ஒரு பிள்ளையின் கையில் தடவிவிடுவேன். அந்தப் பிள்ளை அடுத்தவரோடு கை குலுக்க வேண்டும், அவர் அடுத்தவரோடு. நான்காவது ஐந்தாவது பிள்ளை கையிலும் மஞ்சள் தெரியும். 'உன் கையில் முதலில் ஒன்றும் இல்லையே, எங்கிருந்து வந்தது?' என்று கேட்டால் அதற்குமேல் விளக்கவே வேண்டாம். பிறகு பாதிப் பேரை வெறும் தண்ணீரிலும் மீதிப் பேரைச் சோப்புப் போட்டும் கழுவச் சொல்வேன். வெறும் தண்ணீர்க்காரர்களுக்கு நகக்கண்ணில், விரல் இடுக்கில், கட்டைவிரல் அடியில் மஞ்சள் அப்படியே நிற்கும். ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'சிஸ்டர், இந்தக் கையாலதான் நான் காலையில தோசை சாப்பிட்டேன்' என்றாள். அந்த வகுப்பில் அடுத்த முறை போனபோது நகம் வெட்டாத பிள்ளையைத் தேட வேண்டியிருந்தது.

இன்னொரு விஷயம். கொரோனாவுக்குப் பிறகு சில பள்ளிகளில் கைக்கு ஊற்றும் சானிடைசர் பாட்டில் இன்னும் இருக்கிறது. கை வழியாக வாய்க்குப் போகிற இன்னொரு குடற்புழு உருண்டைப் புழு. அதன் முட்டை ஓடு தடித்தது, சானிடைசருக்கு அது சாகாது. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தண்ணீரில் அடித்துப் போக வைப்பதுதான் வழி.

நுண்ணோக்கி:

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆய்வக நுட்பனராக இருக்கிறேன். செவிலியர்களுக்கு ஒரு யோசனை. முடிந்தால் பிள்ளைகளுக்கு முட்டையைக் காட்டுங்கள். பழைய நுண்ணோக்கி ஒன்றையும் ஃபார்மலினில் போட்டு வைத்த மாதிரிகளையும் எடுத்துக்கொண்டு நானே ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போயிருக்கிறேன். உருண்டைப் புழுவின் முட்டை பொன்பழுப்பு நிறம், மேலே கரடுமுரடான உறை. சாட்டைப் புழு முட்டை பீப்பாய் வடிவம், இரண்டு முனையிலும் மூடி அடைத்த மாதிரி இருக்கும். கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லிசு, உள்ளே நான்கு எட்டு என்று செல்கள் பிரிந்துகொண்டிருப்பது தெரியும். கண் வைத்துப் பார்த்த பிள்ளைகள் அதை வீட்டில் போய்ச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

ஒரு வருத்தமும் உண்டு. மலப் பரிசோதனைக்கு மாதிரி அனுப்பும்போது தாமதம் செய்யாதீர்கள். மாதிரி பழசானாலே கொக்கிப்புழு முட்டை சிதைய ஆரம்பித்துவிடும். கட்டோ-கட்ஸ் முறையில், அதாவது மலத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி முட்டையை எண்ணும் முறையில், தகடு தயாரித்த பிறகும் சீக்கிரம் பார்க்க வேண்டும், அரை மணி ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் கிளிசரினில் அது கரைந்து கண்ணுக்கே தெரியாமல் போகும். காலையில் எடுத்த மாதிரி சாயங்காலம் வந்து, நாங்கள் 'புழு இல்லை' என்று எழுதி, அந்தச் சீட்டை நம்பி ஒரு வெளிறிய பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் அது அநியாயம்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

நான் செவிலியர் இல்லை, டீச்சரும் இல்லை, படித்துக்கொண்டே வந்தேன், கேட்கலாம் என்று தோன்றியது. என் பையனுக்கு எட்டு வயது. கன்னத்தில் வெள்ளை வெள்ளையாகத் தேமல் மாதிரி இருக்கிறது, ராத்திரியில் பல்லைக் கடிக்கிறான். பூச்சி இருக்கிறது, இனிப்பைக் குறை என்று மாமியார் சொல்கிறார். மாதாமாதம் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்கு விடுகிறார். பள்ளியில் கொடுத்த மாத்திரையும் போட்டான். எது சரி? அப்புறம் அவன் பல்பம் தின்கிறான், எவ்வளவு திட்டியும் நிறுத்தமாட்டேன் என்கிறான்.

கிராமத்துச் செவிலி:

அம்மா, நல்ல வேளை கேட்டீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கன்னத்தில் வரும் அந்த வெளிறிய திட்டுக்குப் பூச்சி காரணம் இல்லை. வறண்ட தோல் உள்ள பிள்ளைகளுக்கு வெயிலில் அதிகமாகத் தெரியும், தேங்காய் எண்ணெய் தடவி வந்தால் மெல்லச் சரியாகும், பெரும்பாலும் வயது ஏறும்போது போய்விடும். பல் கடிப்பது பூச்சி இல்லாத பிள்ளைகளுக்கும் உண்டு. இனிப்புத் தின்றால் பல் கெடும், பூச்சி வராது, பூச்சி வருவது மண்ணிலிருந்தும் கையிலிருந்தும்தான். மாதாமாதம் விளக்கெண்ணெய் பேதி வேண்டாம் என்று பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பிள்ளைக்கு உடம்பில் நீர்ச்சத்துதான் போகும். ராத்திரி மலவாயில் அரிப்பு இருந்தால் அது கீரிப்பூச்சியாக இருக்கலாம், அதற்கு வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மாத்திரை போட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி போட வேண்டியிருக்கும், டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஆனால் பல்பம் தின்பதை விட்டுவிடாதீர்கள். பல்பம், மண், சாம்பல், விபூதி, ஊறாத அரிசி, இதையெல்லாம் தேடித் தின்கிற பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. திட்டினால் மறைந்து தின்பான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஹீமோகுளோபின் பாருங்கள். 5 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு டெசிலிட்டருக்கு 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 12 முதல் 14 வயதுக்கு 12 கிராம். 8-க்குக் கீழே போனால் கடுமையானது, அதைத் தள்ளிப்போடவே கூடாது.

இதைப் பள்ளியில் பேசும்போது நான் பல்பத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். 'யார் யார் பல்பம் தின்பீர்கள்?' என்றால் முதலில் யாரும் கை தூக்க மாட்டார்கள். 'தின்கிறவர்களைத் திட்ட மாட்டேன், அவர்களுக்கு மருந்து இருக்கிறது' என்று சொன்ன பிறகு ஒவ்வொரு கையாக எழும்பும். அந்தப் பெயர்களைத் தனியாகக் குறித்துக்கொள்வேன். இமையை இழுத்துப் பார்ப்பது, நாக்கு, நகம், உள்ளங்கை பார்ப்பது எல்லாம் செய்கிறோம், ஆனால் லேசான சோகை இமையில் தெரியாது. பல்பம் தின்கிற பிள்ளை தானாக வந்து சொன்னால் அது எனக்குப் பெரிய உதவி.

புள்ளிவிவரம்:

பொதுச் சுகாதாரம் படித்தவன். இழையில் எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், கொஞ்சம் எதிர்ப்பக்கமும் வைக்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாக மாத்திரை கொடுத்தால் சராசரி ஹீமோகுளோபின் கூடுகிறதா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேசக் குழுவினர் பல ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள், கூடுவது மிகக் குறைவு அல்லது இல்லை என்றுதான் முடிவு. நம் நாட்டில் 2016–18-இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 5–9 வயதில் 24 சதவீதம் பேருக்கும், 10–19 வயதில் 28 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. இதில் எல்லாமே புழுவால் வந்ததில்லை. சாப்பாடு, அடிக்கடி வரும் காய்ச்சல், பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு என்று பல காரணங்கள். அதனால் 'புழுவை ஒழி, சோகை போய்விடும்' என்று செவிலியர்கள் வகுப்பில் சொன்னால் அது பாதி உண்மைதான்.

இரண்டாவது, செவிலியர் பேசினால் தொற்று குறையும் என்பதற்கு என்ன ஆதாரம்? அறிவு கூடும், நடத்தை மாறும் என்று சொல்லிவிடலாம். புழு குறைகிறதா என்பதல்லவா கேள்வி?

கிராமத்துச் செவிலி:

ஐயா, தவறாக நினைக்கவில்லை, இந்தக் கேள்வி வர வேண்டும்.

முதல் விஷயம். சராசரி என்று பார்த்தால் புழு இல்லாத பிள்ளையும் சேர்ந்துதான் வரும். எங்களுக்குக் கவலை வயிறு நிறையக் கொக்கிப்புழு சுமக்கிற பிள்ளையைப் பற்றி. நெக்கேட்டர் வகைக் கொக்கிப்புழு ஒன்று நாளைக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் ரத்தம் குடிக்கும். நூறு புழு இருந்தால் 3 மில்லி. 3 மில்லி ரத்தத்தில் ஒரு மில்லிகிராமுக்குமேல் இரும்பு. அதில் கொஞ்சம் குடலிலேயே திரும்ப உறிஞ்சப்பட்டாலும், ஒரு பிள்ளை சாப்பாட்டிலிருந்து ஒரு நாளில் உடம்பில் ஏற்றிக்கொள்வதே அந்த அளவுதான். வரவு முழுக்கச் செலவாகிற வீடு அது. அந்தப் பிள்ளைக்கு மாத்திரையும் வேண்டும், இரும்பும் வேண்டும், கழிப்பறையும் வேண்டும். சோகைக்குப் புழு மட்டும் காரணம் இல்லை என்று நீங்கள் சொல்வது சரி, நான் வகுப்பில் அப்படிச் சொல்வதும் இல்லை.

இரண்டாவதுக்கு ஆதாரம் இருக்கிறது. சீனாவில் ஹுனான் மாகாணத்தில் 38 பள்ளிகளில், 9–10 வயதுப் பிள்ளைகள் ஆயிரத்து எழுநூறு பேருக்கு மேல், ஒரு ஆய்வு நடந்தது, 2013-இல் வெளியானது. எல்லோருக்கும் மாத்திரை கொடுத்துவிட்டு, பாதிப் பள்ளிகளில் மட்டும் 12 நிமிஷக் கார்ட்டூன் படம் காட்டி, வகுப்பில் கலந்துபேசி, படப் போட்டி கட்டுரைப் போட்டி நடத்தினார்கள். அடுத்த கல்வியாண்டின் முடிவில் புதிதாகப் புழு ஏறியவர்கள் படம் பார்த்த பள்ளிகளில் 4.1 சதவீதம், மற்றதில் 8.4 சதவீதம். பாதியாகக் குறைந்திருக்கிறது. செவிலியர் நடத்தியது இல்லை என்றாலும் பேச்சுக்குப் பலன் உண்டு என்பதற்கு இது போதாதா?

புள்ளிவிவரம்:

அந்த ஆய்வு எனக்கும் தெரியும், நல்ல ஆய்வுதான். ஆனால் அதே முறையைப் பிலிப்பைன்ஸில் லகுனா மாகாணத்தில் செய்து பார்த்தார்கள். பிள்ளைகளின் அறிவும் பழக்கமும் கூடின, மொத்தத்தில் தொற்று குறையவில்லை. சீனப் பள்ளிகளில் தொடக்கத்திலேயே தொற்று குறைவாக இருந்தது, பிலிப்பைன்ஸில் மண்ணே புழுவாக இருந்தது. என் வாதம் இதுதான்: மண் அசுத்தமாக இருக்கும் ஊரில் பிள்ளையிடம் மட்டும் பேசிப் பயனில்லை.

கிராமத்துச் செவிலி:

அப்படியென்றால் நாம் இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் ஐயா. பிள்ளையிடம் பேசுவதோடு நிறுத்தக்கூடாது. செவிலியருக்கு ஊரும் தெரியும். எந்தத் தெருவில் கழிப்பறை கட்டி அதில் விறகும் மூட்டையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள், எந்தத் தெரு பிள்ளைகள் கருவேலங்காட்டுக்குப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், கார்ட்டூன் படத்துக்குத் தெரியாது. இதற்காகத்தான் செவிலியர் பேச வேண்டும் என்கிறேன்.

மலைநாட்டுக்காரன்:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன், நுவரெலியா பக்கம். எங்கள் பக்கம் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்குச் சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்ப நல உத்தியோகத்தர் என்று குழுவாக வருவார்கள். பூச்சிக்கு இங்கே கொடுப்பது மெபெண்டசோல்.

தோட்டப் பகுதியில் கொக்கிப்புழுவுக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. 1916-லேயே ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் மத்தியில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. கீனோபோடியம் எண்ணெய் என்று ஒரு மருந்து கொடுத்தார்கள், கூட்டம் போட்டு விளக்கினார்கள். மருந்து கொடுத்த கொஞ்ச நாளில் மறுபடி தொற்றியது. லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்குக் கிட்ட ஒழுங்கான மலசலகூடம் கட்டிக் கொடுக்கத் தோட்டத் துரைமார் பலருக்கு மனம் வரவில்லை. எங்கள் பாட்டனார் தலைமுறை வெளுத்துப்போய் மூச்சு வாங்கிக்கொண்டு கொழுந்து பறித்ததற்கு அதுவும் ஒரு காரணம். சகோதரி மாத்திரையைப் பற்றிச் சொன்னது எங்கள் மலையில் அப்போதே நடந்து முடிந்த விஷயம்.

இன்றைக்கும் ஒன்று மாறவில்லை. பிள்ளைகள் காலையில் ரொட்டியும் பிளேன்டீயும் குடித்துவிட்டுத்தான் பாடசாலைக்கு வருவார்கள். சாப்பாட்டோடு தேயிலைச் சாயம் போனால் இரும்பு உடம்பில் சரியாக ஏறாது. இதை எங்கள் குடும்ப நல உத்தியோகத்தர் அம்மா ஒவ்வொரு லயமாகப் போய்ச் சொல்வார். பிள்ளைக்குச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவக் கற்றுக் கொடுக்கிறோம், பாட்டா செருப்பும் வாங்கிக் கொடுக்கிறோம், தேத்தண்ணியை மட்டும் விடமாட்டார்கள். உங்கள் பக்கம் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சத்துணவு அமைப்பாளர்:

நான் சத்துணவு மையத்தில் வேலை பார்க்கிறேன். டீ விஷயத்தில் எங்கள் ஊர் செவிலியர் ஒரு நல்ல வழி சொன்னார். 'டீயை நிறுத்து' என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் 'சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடி, இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் தள்ளிக் குடி' என்று சொல்ல ஆரம்பித்தார். இதை அம்மாக்கள் கேட்டார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-இல் வந்த பிறகு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் டீ பன்னோடு வருவதும் குறைந்திருக்கிறது, உப்புமாவோ பொங்கலோ பள்ளியிலேயே கிடைக்கிறது. ஆறாம் வகுப்புக்கு மேலே உள்ளவர்கள்தான் இன்னும் வரக்காப்பியோடு வருகிறார்கள்.

சாப்பாட்டில் நாங்கள் செய்யக்கூடியது சின்னச் சின்னதுதான். கொண்டைக்கடலை போடுகிற நாளில் எலுமிச்சம்பழம் நாலு பிழிந்துவிட்டால் அதில் இருக்கும் இரும்பு நன்றாக ஏறும். முருங்கைக்கீரை பள்ளி மரத்திலேயே இருக்கிறது, சாம்பாரில் உருவிப் போடுகிறோம். அதோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ தின்னச் சொல்லி செவிலியர் சொல்லிக்கொடுத்திருக்கிறார், கொய்யா எங்கள் ஊரில் கொல்லைக்குக் கொல்லை இருக்கிறது. அசைவம் சாப்பிடுகிற வீட்டில் ஈரல், சுவரொட்டி வாரம் ஒரு தடவை வாங்கினால் அதைவிட நல்லது இல்லை என்கிறார். கறிக்கடையில் சுவரொட்டி ஒன்றே ஒன்றுதான் ஆட்டுக்கு இருக்கும், அதைப் புருஷனுக்கு வைக்காமல் வயதுக்கு வந்த பெண்ணுக்கு வை என்று தாய்மார் கூட்டத்திலேயே சொன்னார். சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார் என்று நான் நினைத்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். செறிவூட்டிய அரிசியைச் சிலர் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறியச் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

கிராமத்துச் செவிலி:

அது அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மறுபடி அரிசி வடிவத்தில் பிழிந்து எடுத்தது. நூறு பங்கு சாதாரண அரிசிக்கு ஒரு பங்கு கலந்து வரும். நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், களையும்போது சில மிதக்கும், அதைப் பார்த்துத்தான் பிளாஸ்டிக் என்கிறார்கள். நான் அந்த நாலு மணியைத் தனியாகப் பொறுக்கி ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு வைத்துக் காட்டுவேன், ஊறி மாவாக நசுங்கும். பிள்ளைகளையே நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீலமலை:

நீலகிரியில் செவிலியராக இருக்கிறேன். இங்கிருந்து இரண்டு விஷயம், இரண்டுமே கவனமாகக் கேளுங்கள்.

வெளிறிய பிள்ளை எல்லோருக்கும் இரும்புச்சத்துதான் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். எங்கள் மலையில் பணியர், இருளர், குறும்பர் பிள்ளைகளிடம் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறது. கை கால் வலி, அடிக்கடி காய்ச்சல், கண்ணில் மஞ்சள், இதோடு சோகை என்றால் வேறு பரிசோதனை வேண்டும். சமவெளியிலும் தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்தக் குறைபாட்டின் தன்மை உள்ள பிள்ளைகள் உண்டு. சிகிச்சை அளவில் தினமும் இரும்பு கொடுத்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள், மறுபடி மறுபடி அதே மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொன்று சொல்லவே மனம் கனக்கிறது. 2023 மார்ச்சில் உதகையில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் பந்தயம் கட்டி, பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கினார்கள், ஒரு சிறுமி இறந்துபோனாள். 'சத்து மாத்திரை' என்று சொல்லிச் சொல்லியே அதை மிட்டாய் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறோம். இரும்பு அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும், உயிரை எடுக்கும். செவிலியர் வகுப்பில் பேசும் பட்டியலில் இது முதல் இடத்தில் இருக்க வேண்டும், மாத்திரை ஆசிரியரின் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும், ஆசிரியர் கண்முன்னே விழுங்க வேண்டும், கையில் அட்டையாகக் கொடுத்து அனுப்பக் கூடாது.

ஆறாம் வகுப்பு டீச்சர்:

நீலமலை சிஸ்டர் சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் பள்ளியில் மாத்திரை எங்கே இருக்கிறது என்று உடனே போய்ப் பார்த்தேன். பூட்டில்தான் இருக்கிறது.

எங்களுக்கு வேறு தொல்லை. நீல நிற இரும்பு மாத்திரை கொடுத்தால் பெண் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகத் துப்பிவிடுகிறார்கள். மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு புரட்டுகிறது என்கிறார்கள். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் போதும், வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறது, பெற்றோர் வாசலில் நிற்கிறார்கள்.

கிராமத்துச் செவிலி:

டீச்சர், வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், மதிய உணவு முடிந்து கொஞ்ச நேரம் கழித்துக் கொடுங்கள், பாதித் தொல்லை அதிலேயே போய்விடும். மலம் கறுப்பாகப் போகும் என்பதை மாத்திரை கொடுப்பதற்கு முந்தின வாரமே சொல்லிவிட வேண்டும். முன்னாலேயே தெரிந்த பிள்ளை பயப்படாது. பூச்சி மாத்திரைக்கும் இதே மாதிரிதான், மறுநாள் மலத்தில் புழு விழலாம், லேசாக வயிறு வலிக்கலாம், புழு அதிகம் இருந்தவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு அன்றைக்குப் போட வேண்டாம். அல்பெண்டசோலைக் கடித்து மென்றுதான் சாப்பிட வேண்டும், முழுசாக விழுங்கச் சொல்லித் தொண்டையில் சிக்க வைக்கக் கூடாது, சின்னப் பிள்ளைகளுக்குப் பொடித்துக் கொடுங்கள்.

2018-இல் 'ரத்தசோகை இல்லா பாரதம்' திட்டம் வந்த பிறகு அளவும் மாறியிருக்கிறது. 5–9 வயதுக்கு வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை, 45 மில்லிகிராம் இரும்பு. 10–19 வயதுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை, 60 மில்லிகிராம், முன்பு 100 இருந்தது. அளவு குறைந்ததால் வயிறு புரட்டுவதும் முன்பைவிடக் குறையும் என்று பெண்களிடம் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளிடம் மட்டும் தனியாக ஒரு பேச்சு வேண்டும், ஆசிரியர்கள் கொஞ்சம் வெளியே இருந்தால் நல்லது. மாதவிலக்கு எத்தனை நாள், எத்தனை நாப்கின் ஆகிறது என்று யாராவது கேட்டால்தான் சொல்வார்கள். 'புதுயுகம்' திட்டத்தில் நாப்கின் கொடுக்கிறோம், ஆனால் அதிகமாகப் போகிறது என்று ஒரு பெண் வாய் திறக்க வேண்டும் என்றால் செவிலியரிடம்தான் திறப்பாள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பிள்ளைகளும் அப்போதுதான் தெரிய வருவார்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

சிஸ்டர், போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பையனுக்கு ஹீமோகுளோபின் 9.8 இருக்கிறது. டாக்டர் தினமும் சாப்பிட சிரப் எழுதிக் கொடுத்து ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். மாமியாரிடம் விளக்கெண்ணெயைப் பற்றிச் சொன்னேன், கோபித்துக்கொள்ளவில்லை, 'பிள்ளைக்கு ரத்தம் ஊறட்டும்' என்று அவரே முருங்கைக்கீரை பறித்துக்கொண்டு வந்தார். சிரப் குடித்தால் பல் கறுக்குமா?

கிராமத்துச் செவிலி:

லேசாகக் கறை படியும், வாயின் உள்பக்கமாக ஊற்றி உடனே தண்ணீர் கொப்பளிக்கச் சொல்லுங்கள், பல் தேய்த்தால் போய்விடும். பாலோடும் டீயோடும் கொடுக்காதீர்கள், எலுமிச்சைச் சாறோடு கொடுக்கலாம். அளவு ஏறிய பிறகும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்த வேண்டாம், உடம்பில் இருப்பு சேர இன்னும் சில மாதம் பிடிக்கும். பாட்டிலை அவன் கைக்கு எட்டாமல் மேலே வையுங்கள். ஒரு மாதம் கழித்து எவ்வளவு ஏறியது என்று இங்கே எழுதுங்கள்.

ஆறாம் வகுப்பு டீச்சர்:

இந்த மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் இருக்கிறது. தீர்மானமாக என்ன எழுதட்டும் சிஸ்டர்? பொதுவாக 'சுகாதாரம் மேம்படுத்தப்படும்' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது.

கிராமத்துச் செவிலி:

மூன்றாவது குழாயைப் பழுது பார்க்க யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். சோப்பு வாங்கி வைக்கும் பொறுப்பு யாருக்கு என்று எழுதுங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நகவெட்டி. பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் வாளியும் இருக்கிறதா என்று கூட்டத்திலிருந்து இரண்டு தாய்மார் நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். மாதத்தில் முதல் வாரம் ஒரு பாடவேளை செவிலியருக்கு என்று கால அட்டவணையிலேயே போடச் சொல்லுங்கள், கூட்டக் குறிப்பின் நகலை உங்கள் ஊர் செவிலியருக்கும் ஒன்று கொடுங்கள். அதைக் காட்டித்தான் அவர் மேலதிகாரியிடம் அந்த நேரத்தைக் கேட்டு வாங்க முடியும்.